இடது கைக்கு ஓர் எடிட்டர்

சாமர்வில், பிப்ரவரி 3, 1987

பனி. கம்ப்யூட்டரில் புரோகிராம் அடித்துத் திருத்த, அலுவலகத்தில் இனி எல்லோருக்கும் ஒரே எடிட்டர்தான் என்று மேனேஜர் கார்டன் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை ஓட்டெடுப்பு. புரோகிராம் எழுதுகிறவர்கள் ஆறு பேர். மூன்று பேர் என் பக்கம், ஈமாக்ஸ் என்கிற எடிட்டர். மூன்று பேர் நோரீன் பக்கம், வீஐ என்கிற எடிட்டர். அவளுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து எட்டு வருஷமாக இதே சண்டைதான்.

"உன்னோடது எடிட்டரே இல்ல எம்மெட். சமையலறை. அடுப்பைப் பத்த வைக்கவே பாதி நாள் போயிடுது."

"எனக்கு வேணுங்கறதை நானே அதுல சேர்த்துக்கலாம். உன்னோடதுல முடியுமா?"

"சேர்க்கறதுக்கா வர்றேன்? வேலை செய்ய வர்றேன்."

மதியம் பேசிக்கொள்ளவில்லை. டூனா சாண்ட்விச்.

பிப்ரவரி 6

ஓட்டெடுப்பு நடக்கவில்லை. காலையில் கார் நிறுத்துமிடத்தில் நோரீன் விழுந்துவிட்டாள். பனியில் வழுக்கிவிட்டது என்று நினைத்து, சிரித்துக்கொண்டேதான் கை கொடுத்தேன். அவள் பிடிக்கவில்லை.

பக்கவாதம். வலது பக்கம்.

பிப்ரவரி 20

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பேச்சு குழறுகிறது. வாய்த்துடுக்கு குறையவில்லை.

"என் பக்கம் ஒரு ஓட்டைக் குறைக்க இவ்வளவு தூரம் போவியாடா?" என்றாள்.

பூ வாங்க மறந்துவிட்டேன் என்று சொன்னேன்.

மார்ச் 30

வேலைக்கு வந்துவிட்டாள். வலது கை மடியில் கிடக்கிறது.

கார்டன் நல்ல மனுஷர். அதுதான் சிக்கல். "அவசரமே இல்ல நோரீன். கொஞ்ச நாள் கையேடு எழுதற பக்கம் உக்காருங்க" என்றார். துறைமுகக் கிரேன்களை ஓட்டும் புரோகிராம், முதல் வரியிலிருந்து அவள் எழுதியது, இப்போது என்னுடையதாம். அவள் "சரி" என்றாள்.

அவள் எதற்காவது சரி சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஏப்ரல் 1

கையேட்டு மேசையிலிருந்து எழுந்து, மெதுவாக நடந்து என்னிடம் வந்தாள்.

"மத்தியானம் நீங்கல்லாம் சாப்பிடப் போனப்ப உக்காந்து பாத்தேன். என் எடிட்டர்ல நகர்றது, அழிக்கறது எல்லாம் ஒத்தைக் கையால வருது. எழுதறதுதான் வரல. ஒவ்வொரு எழுத்துக்கும் கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுது. அதுக்குள்ள நெனச்சது மறந்துபோகுது."

என் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் உட்காரவில்லை.

"எதை வேணா சேர்க்கலாம்னு எட்டு வருஷமா சொல்றியே. உன் சமையலறையில எனக்கு ஒரு அடுப்பு போட்டுக் குடு."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

ஏப்ரல் 5

ஞாயிறு. வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு என் எடிட்டரில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கட்டளைக்கும் இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். சுண்டுவிரல் சுளுக்கிக்கொண்டது. எடிட்டரை மூடி வெளியே வருவது மட்டும் இடது கையால் ரொம்பச் சுலபம்.

இத்தனை வருஷமாக இதற்காகவா சண்டை போட்டேன்?

ஏப்ரல் 14

ஒரு வழியாக வந்தது. முதலில் இடது ஓரத்து டேப் விசை, பிறகு இடது பக்கத்தில் ஓர் எழுத்து. கண்ணாடியில் பார்ப்பதுபோல அதற்கு நேரான வலது பக்க எழுத்து விழும். கை நகரவே வேண்டாம். அடைப்புக்குறியைத் திறந்தால் மூடுவதும் தானே விழும்படி செய்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

"அதை எடு. எங்க மூடணும்னு எனக்குத் தெரியும்" என்றாள் நோரீன்.

எடுத்தேன்.

"நகர்றதுக்கும் அழிக்கறதுக்கும் என் எடிட்டர்ல இருந்த அதே ஒத்தை எழுத்துங்கதான் வேணும்."

ஆக, ஈமாக்ஸுக்குள் உட்கார்ந்து வீஐயைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். என் கையாலேயே. யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 24

துறைமுகத்திலிருந்து போன். சுமையோடு கிரேன் கொக்கி பாதி உயரத்தில் நின்றுவிடுகிறது. புரோகிராமில் தப்பு எங்கே என்று காலை முழுக்க இரண்டு கையாலும் தேடினேன். கிடைக்கவில்லை. கையேட்டு மேசையில் நோரீனும் அதே புரோகிராமைத் திறந்து வைத்திருந்தாள் — யாரும் கேட்கவில்லை. டேப், எழுத்து. டேப், எழுத்து. கார்டன் போய் அவள் பின்னால் நின்றார்.

"நீங்க அங்க நின்னா இன்னும் லேட்டாகும் கார்டன்."

நகர்ந்து நின்றார்.

கொஞ்ச நேரத்தில், "கிடைச்சிடுச்சு. எம்மெட் புதுசா சேர்த்த வரி" என்றாள். திருத்தியும்விட்டாள். துறைமுகத்தில் கொக்கி மேலே போனது.

கார்டன் ரொம்ப நேரம் தொண்டையைக் கனைத்தார். "கையேட்டுக்கு வேற யாரையாவது பாக்கணும் போல" என்றார்.

"பாருங்க" என்றாள் நோரீன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சாயங்காலம் அவளுடைய பெட்டிகளை என் எதிர் மேசைக்கு நான்தான் தூக்கி வந்தேன். கனம்.

ஜூன் 9

இன்று நோரீன் காபிக் கோப்பையை வலது கையால் எடுத்தாள். யாரிடமும் சொல்லவில்லை, சட்டென்று எடுத்தாள். கோப்பை வாய்க்குப் பாதி தூரம் வந்தது. பிறகு காபி முழுக்க விசைப்பலகையில்.

நாங்கள் ஐந்து பேரும் அவரவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்னடா, ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டீங்களா?" என்றாள்.

நான் போய்த் துடைக்கத் துணி எடுத்து வந்தேன். கொஞ்சம் நேரமெடுத்துத்தான் வந்தேன்.

புது விசைப்பலகை வேண்டும் என்று கார்டனிடம் சொன்னேன். பழையதுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். "நோரீனோட வலது கை" என்றேன்.

"அப்ப ரெண்டா வாங்குங்க. நாளைக்கும் அந்தக் கையாலதானே எடுப்பாங்க" என்றார்.