இரண்டாவது எண் உனக்கு

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவும் நானும் நலம். உன் நலத்தைச் செய்தித்தாளில் பார்த்துக்கொள்கிறோம். போன் செய்தால் உன் உதவியாளர் எடுத்து, "ஐயா மீட்டிங்ல இருக்காரு, என்ன விஷயம்?" என்கிறார். "விஷயம் ஒண்ணுமில்ல, நான் அக்கா" என்றேன். "எந்த ஊர் அக்கா?" என்று கேட்டார். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. அதனால்தான் கடிதம்.

எங்கள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவை மூடிவிட்டார்கள். உன் கட்சி தேர்தலிலேயே சொன்னதுதான். ஏமாற்றினாய் என்று சொல்ல மாட்டேன். இயந்திரங்களை லாரியில் ஏற்றியபோது நானே குழாய்களைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தேன். இனி நோயாளிகள் பெரிய நகரத்துக்குப் போய்வர வேண்டும். என்னைப் பிரசவ வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

ஒன்றுதான் மனதை அரிக்கிறது. மூடக் கூடாது என்று வக்கீலம்மாவும் மருந்துக்கடைக்காரரும் தேர்தலில் உன்னை எதிர்த்து நின்றார்கள். ஊரில் பாதிக்கு மேல் ஓட்டு அவர்களுக்குத்தான். அதை இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். மிச்சத்தை வைத்துக்கொண்டு நீ சட்டசபைக்குப் போய்விட்டாய்.

வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று எண் போடும் முறைக்கு மசோதா வருகிறதாமே. கடைசியில் இருப்பவரை நீக்கிவிட்டு, அவருக்குப் போட்டவர்களின் இரண்டாவது விருப்பத்தை மற்றவர்களுக்குச் சேர்ப்பார்களாம். அதற்கு நீ கை தூக்க வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உதவியாளருக்கு உன் குரலை அடையாளம் சொல்லிவிட்டேன். "அதிகாரம் பண்ற மாதிரி பேசினா அது எங்க அக்கா" என்று.

என்னை நுனிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு அடிமரத்தை வெட்டச் சொல்கிறாய். எல்லோரும் ஒரே விதியில்தானே ஆடினோம்? அவர்கள் இருவரும் பேசி ஒருவர் விலகியிருக்கலாம். யார் விட்டுக்கொடுப்பது என்று முறுக்கிக்கொண்டு நின்றதற்கு நானா பொறுப்பு?

இன்னொன்றும் யோசி. எல்லோருக்கும் இரண்டாவதாகப் பிடித்தவன் ஜெயித்தால் என்ன ஆகும்? யாரையும் பகைத்துக்கொள்ளாமல், எதையும் செய்யாமல் காலம் தள்ளுவான். இப்போதாவது யாரைத் திட்டுவது என்று ஊருக்குத் தெரிகிறது. பெரிய மருத்துவமனையில் சிறுநீரக டாக்டர் எந்நேரமும் இருப்பார் என்பதால்தான் அந்தப் பிரிவை மாற்றினோம். அது தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

நீ எனக்கு ஓட்டுப் போடவில்லை என்று தெரியும். வாக்குச்சாவடியை விட்டு வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் குடையை விரித்தாய். அன்றைக்கு மழையே இல்லை.

தம்பி


ஏப்ரல் 8

அன்புள்ள தம்பிக்கு,

ஆமாம், போடவில்லை. வக்கீலம்மாவுக்குத்தான் போட்டேன். வீட்டுக்கு வந்து உனக்காகச் சமைத்து வைத்தேன். நீ வரவில்லை. இரண்டையும் மனதாரச் செய்தேன்.

என் பழைய நோயாளி ஒருவர், வெல்டர். பஸ்ஸில் போய்வர முடியாமல் ஒரு முறை சிகிச்சையை விட்டுவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார். காலி அறையைப் பார்த்து, "இங்கதானே சிஸ்டர் மிஷின் இருந்துச்சு?" என்றார். ஆம்புலன்சில் அனுப்பினோம், பிழைத்துக்கொண்டார். பெரிய டாக்டர் அங்கே இருப்பது நிஜம்தான். அங்கே போய்ச் சேர வேண்டுமே!

நீ சொன்ன குறையும் பொய்யில்லை. எங்கள் ஓய்வறையில் ஷிப்ட் நேரத்துக்கு மூன்று யோசனைகள் வந்தன. எண் போட்டுத் தேர்ந்தெடுத்தோம். ஜெயித்த யோசனை பாதிப் பேருக்கு இரண்டாவதுதான். "யாருக்கும் பிரமாதமா பிடிக்கல, ஆனா யாரும் அழல" என்றார் தலைமை நர்ஸ். எனக்கு அதுவே போதும் என்று பட்டது. உனக்குப் படாமல் போகலாம்.

உனக்கு ஒன்று தெரிய வேண்டும். அந்தச் சீட்டில் ஒரே ஒரு குறிக்குத்தான் இடம் இருந்தது. தம்பியா, நோயாளிகளா என்று கேட்டால் நான் என்ன செய்வேன்? எண் போட விட்டிருந்தால் இரண்டாவது எண் உனக்குத்தான். மருந்துக்கடைக்காரர் நல்லவர்தான், ஆனாலும் உனக்குப் பின்னால்தான். அதைச் சொல்ல அந்தச் சீட்டில் வழியே இல்லை.

உன் அக்கா


ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று மசோதா தோற்றுவிட்டது. செய்தியில் பார்த்திருப்பாய்.

எதிர்த்து ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சிக் கொறடா காலையிலேயே சொல்லிவிட்டார். அப்படியே செய்வதாகத்தான் உள்ளே போனேன். என்னைத் தாக்கிப் பேசியவர்கள் யாரும் என் மனதை மாற்றவில்லை. எங்கள் கட்சிக்காரர் ஒருவர் எழுந்து, "மக்கள் தெளிவாத் தீர்ப்பு சொல்லிட்டாங்க" என்றார். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். நானும் தட்டக் கை எடுத்தேன். நம் ஊர் அப்படி என்ன தெளிவாகச் சொன்னது என்று தோன்றிவிட்டது. கை இறங்கவில்லை.

ஆதரவாக எழுந்து நின்றேன். பக்கத்தில் இருந்தவர், "தவறிப்போய் எந்திரிச்சுட்டீங்க, உக்காருங்க" என்று சட்டையைப் பிடித்து இழுத்தார். உட்காரவில்லை.

அடுத்த தேர்தலில் எனக்குச் சீட் கிடையாது என்று கட்சியில் சொல்லிவிட்டார்கள். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

தம்பி


ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

ஆட்சி கவிழ்ந்து இவ்வளவு சீக்கிரம் தேர்தல் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மருந்துக்கடைக்காரர் உடம்புக்கு முடியாமல் ஒதுங்கிவிட்டாராம். வக்கீலம்மா மட்டும் நிற்கிறார். நம் தெருக்காரர்கள் இங்கேயே வந்து, "சுயேச்சையா நில்லுங்க, நாங்க இருக்கோம்" என்கிறார்கள்.

ஆசை இல்லாமல் இல்லை. உன் வெல்டரைப் பற்றிப் படித்த பிறகு, டயாலிசிஸ் பிரிவைத் திறக்க வேண்டும் என்றுதான் நானும் பேசுவேன். அதனால்தான் நிற்க முடியாது. நான் நின்றால் வக்கீலம்மாவின் ஓட்டைத்தான் பிரிப்பேன்; என் பழைய கட்சிக்காரன் சிரித்துக்கொண்டே உள்ளே போவான். எந்த வழியில் நான் வந்தேனோ, அதே வழிதான்.

வக்கீலம்மாவுக்கு ஓட்டுப் போட வருகிறேன். எனக்கே போட்டுக்கொண்டு பழகிவிட்டது. இது புதுசாக இருக்கும்.

தம்பி


மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

ஓட்டுப் போட வந்த அன்று நீ வயிறாரச் சாப்பிட்டதை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அரசு வீட்டைக் காலி செய்துவிட்டுச் சீக்கிரம் வந்து சேர்.

வக்கீலம்மா ஜெயித்துவிட்டார். மயிரிழையில்தான். நீ நின்றிருந்தால் தோற்றிருப்பார். அவருக்கும் அது தெரியும். உன்னைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை சொன்னார். டயாலிசிஸ் பிரிவைத் திறக்கவும் மனு கொடுத்துவிட்டார். அதில் குறை சொல்ல முடியாது.

நேற்று வாழ்த்தப் போனேன். மசோதாவை மறுபடி எப்போது கொண்டுவருவீர்கள் என்று கேட்டேன். மேடைக்கு மேடை அதைப் பற்றிப் பேசியவர் ஆயிற்றே! மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, "அதுக்கு இப்ப என்ன அவசரம் சிஸ்டர்? மக்கள்தான் தெளிவாத் தீர்ப்பு சொல்லிட்டாங்களே" என்றார்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அதையே கேட்க மறுபடியும் போகிறேன். ஓய்வறையிலிருந்து நாலு பேர் வருகிறார்கள். வெல்டரும் வருகிறேன் என்கிறார். நீயும் அதற்குள் வந்துவிடு. இந்தத் தடவை அவர் வாசல் பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்து காத்திருக்கலாம். உனக்குப் பழக்கமில்லை. நான் சொல்லித் தருகிறேன்.

உன் அக்கா