நேரம் போடாத கட்டம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகம் சுளிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நலமா என்று ஐந்து வாரமாகப் போனில் கேட்டுப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மாப்பிள்ளைதான் எடுக்கிறார், நல்லா இருக்கோம் மாமா, அவ குளிச்சுக்கிட்டு இருக்கா என்கிறார். ஐந்து வாரம் ஒரு பெண் விடாமல் குளித்தால் சளி பிடித்துக்கொள்ளும். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், இதை எங்கே வேண்டுமானாலும் வைத்துப் படிக்கலாம்.

உன் கோபம் எனக்குத் தெரியாமல் இல்லை. அம்மா போனது செவ்வாய்க்கிழமை காலை ஆறே காலுக்கு, உனக்குச் சொன்னது ஏழு மணிக்கு, மறுநாள் பத்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நீ விமானத்தில் இடம் தேடிக்கொண்டிருந்தபோதே நான் வீடு திரும்பிவிட்டேன். சடங்கு இல்லை, பூ இல்லை, பேச்சு இல்லை, கூட்டம் இல்லை. அன்று மத்தியானம் நீ போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய், அம்மா முகத்தையாவது பாத்தீங்களா, இல்ல பார்சல் மாதிரி ஒப்படைச்சுட்டு வந்துட்டீங்களா என்று. நான் ம் என்றேன். இரண்டில் எதற்கு ம் என்று எனக்கே தெரியவில்லை, அதற்குள் நீ வைத்துவிட்டாய். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறமும் கோபம் இருந்தால் இருக்கட்டும்.

அம்மா முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் உட்கார்ந்து எந்த வண்டி எத்தனை மணிக்கு, எந்த டிரைவர் என்று அட்டவணை போட்டவள், வீட்டிலும் அந்தப் புத்தி போகவில்லை, பல் தேய்க்க இத்தனை நிமிஷம், ஷூ மாட்ட இத்தனை நிமிஷம் என்று உனக்காகச் சுவரில் ஒட்டியே வைத்திருந்தாள், நீ ஒரு நாளும் அதை மதித்ததில்லை. பிறந்ததே பதினோரு நாள் தாமதமாகத்தானே. தன் கடைசிக் காரியத்தையும் அதே டிப்போ தாள் ஒன்றில் எழுதி, கரண்ட் பில் வைக்கும் டிராயரில் போட்டிருந்தாள். நேரம், வேலை, ஆள் என்று மூன்று கட்டம். பெரிய மாமாவை வழியனுப்பிவிட்டு வந்த வாரம் எழுதியது அது. மகன் வந்து சேர்வதற்காக மாமா உடலை மூன்று நாள் வைத்திருந்தார்கள், மகனுடைய விமானம் இரண்டு முறை ரத்தானது. வந்த ஜனம் நாற்காலியிலேயே தூங்கியது, இடையிடையே சண்டை போட்டது. கடைசியில் அவன் பையும் கையுமாக உள்ளே நுழைந்தபோது அத்தனை பேரும் வாட்சைப் பார்த்தார்கள், அவனும் தன் அப்பா முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டான். அம்மாவால் அதை மறக்க முடியவில்லை. பீன்ஸ் நறுக்கிக்கொண்டே என்னிடம் சொன்னாள், எம் பொண்ணு அப்படி நுழையக் கூடாதுங்க, நேரமே குறிக்கலேன்னா லேட்டுன்னு ஒண்ணு கிடையாது, யாரையும் கூப்பிட வேண்டாம், யாருக்கும் காத்திருக்க வேண்டாம் என்று. சரி என்றேன். பீன்ஸைக் கழுவச் சொன்னாள், கழுவினேன். இதையெல்லாம் அம்மா போன அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அம்மா எழுதி வச்சிருக்கா என்று மட்டும் சொல்லி நிறுத்தியது என் தப்புதான்.

தாளில் இருந்தபடியே செய்தேன். வீட்டில் உடுத்தும் பச்சை உடை, துவைத்தது, புதிதாக எதுவும் வாங்கக் கூடாது. வேன் ஒன்று, கூட வரும் ஆள் நான் ஒருவன். தகன நிலையத்தின் முன்னறை பேங்க் மாதிரி இருக்கிறது, கவுண்ட்டர், வரிசையாக நீல நாற்காலி, நூல் கட்டிய பேனா. அந்தப் பேனா எழுதவில்லை, இரண்டு முறை கிறுக்கிப் பார்த்த பிறகுதான் உறவு என்ற இடத்தில் கணவர் என்று எழுத முடிந்தது. என்ன சடங்கு என்று ஒரு கேள்வி இருந்தது, எதுவும் இல்லை என்பதற்கும் ஓர் இடம் விட்டிருந்தார்கள், அதில் டிக் போட்டேன். உள்ளே அழைத்துப் போனவர் சத்தம் போடாமல் பேசுகிற மனிதர். ஐயா, மூக்குக்கண்ணாடி உள்ள போகாதுங்க, கழட்டிக் குடுத்துடறோம் என்றார். கண்ணாடி அவள் முகத்தில் இருந்ததே அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்ததை நான்தான் திரும்பப் போட்டுவிட்டிருக்கிறேன், அது இல்லாமல் அவளுக்கு நாலடி தள்ளி ஒன்றும் தெரியாதே என்று.

நானே கழட்டறேன் என்றேன். நாற்பது வருஷம் கண்ணாடிக் கடை வைத்தவன், ஒற்றைக் கையால் கழற்றினால் ஃபிரேம் கோணிவிடும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவன், என் வீட்டிலேயே ஒருத்தி கடைசி வரை ஒற்றைக் கையால்தான் கழற்றினாள். இரண்டு கையாலும் பிடித்துக் கழற்றினேன். நீ கேட்டாயே பாப்பா, முகத்தைப் பார்த்தேன். மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி பதிந்த தடம் இருந்தது, இடது பக்கத்துத் தடம் கொஞ்சம் ஆழம். ஏன் என்று எனக்குத்தான் தெரியும். காதில் மாட்டும் இடது காம்பில் திருகு தளர்ந்திருந்தது, அதனால் கண்ணாடி எப்போதும் அந்தப் பக்கமே சாய்ந்து அழுத்தியிருக்கிறது. இதைக் கொஞ்சம் முடுக்கிக் குடுங்களேன் என்று இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், நாளைக்கு, நாளைக்கு என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைக்கு வந்த ஒருவரைக்கூட ஒரு திருகுக்காக நாளைக்கு வா என்று அனுப்பியதில்லை. சாவிக்கொத்தில் அந்தக் குட்டி ஸ்க்ரூடிரைவர் தொங்குவது உனக்குத் தெரியும், அங்கேயே நின்று முடுக்கினேன். சட்டை நுனியால் துடைத்தேன். அப்புறம் கைப்பழக்கம், திரும்ப அவளுக்கே மாட்டிவிட்டு, இரண்டு காதுக்குப் பின்னாலும் விரல் வைத்துப் பார்த்து, இப்ப சரியா இருக்கா என்று கேட்டுவிட்டேன். அந்த மனிதர் சுவரில் இருந்த காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் இரண்டு கையாலும் கழற்றினேன். அழுதேன். நீ நம்ப மாட்டாய், என்னைப் பற்றி உனக்கு அப்படி ஓர் எண்ணம் உண்டு, ஆனாலும் அழுதேன்.

கூட்டம் வேண்டாம் என்று அம்மா போட்ட திட்டத்தில் ஓர் ஓட்டை. ஒரு நாள், ஒரு நேரம் என்று இருந்திருந்தால் எல்லோரும் ஒரேயடியாக வந்து போயிருப்பார்கள், அது இல்லாததால் தவணை முறையில் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் டீ போட்டு முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. உன் அத்தை வந்து, ஒரு பூகூட வைக்காம அனுப்பிட்டியேடா என்று அழுதாள், பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, என்னத்தைடா சாப்பிடறே என்று அதற்கும் அழுதாள். மூன்று நாள் தங்கி சமையலறையை ஒழுங்கு பண்ணிவிட்டுப் போயிருக்கிறாள், சர்க்கரை டப்பா இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் டிப்போவில் பன்னிரண்டாம் நம்பர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர் வந்தார். இவரும் திட்டப் போகிறார் என்று பயந்து, நானாக எதுவும் செய்யவில்லை என்பதற்குச் சாட்சியாக அந்தத் தாளை எடுத்துக் காட்டினேன். வேலைக்கு வந்தவர் மாதிரி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார், கடைசி வரியில் விரல் நின்றுவிட்டது. வேலை என்ற இடத்தில் சாம்பல், ஆள் என்ற இடத்தில் மகள், நேரம் என்ற கட்டம் காலி. அதை நானும் பார்த்திருக்கிறேன் பாப்பா. எழுத மறந்துவிட்டாள் என்று நினைத்தேன், இல்லை, உன்னால் வர முடியாது என்று நினைத்துப் பாதியில் விட்டுவிட்டாளோ என்றும் நினைத்தேன், சொன்னால் உனக்கு இன்னும் வலிக்கும் என்றுதான் சொல்லாமல் இருந்தேன். டிரைவர் சிரித்தார். மேடமாவது மறக்கிறதாவது சார், ஒரு கட்டம் காலியா இருந்தா அது தெரிஞ்சே விட்டதுதான் என்றார். பேர் போட்டு நேரம் போடாமல் விட்டால் டிப்போவில் அதற்கு ஒரே அர்த்தம்தானாம். அந்த வண்டிய வேற யாரும் தொடக் கூடாது சார், அந்த ஆள் எப்ப வந்து எடுத்தாலும் சரிதான், அதுவரைக்கும் அது நிக்கும் என்றார். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார், நான்தான் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் சாம்பல் இருக்கும் பெட்டி உன் அறையில், உன் புத்தக அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது, சின்னப் பெட்டிதான், பக்கத்தில் கண்ணாடியை வைத்திருக்கிறேன், திருகு ஆடவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளைக்குப் பொய் சொல்ல வராது, அவரைப் போன் எடுக்க வைத்துப் பாவம் கஷ்டப்படுத்தாதே. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதத்தையும் நானே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு ஞாபகம், வருவதென்றால் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று எழுதாதே, கேட்கவும் மாட்டேன். நான் வெளியே போயிருந்தால் சாவி எதிர்வீட்டு டீச்சரிடம் இருக்கும். யாருக்கும் காத்திருக்க வேண்டாம் என்று அம்மா சொன்னது எனக்குத்தான். அவள் உனக்காகக் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா