பதினாலு கிராம் பொறாமை

ஜூலை 5, சனி

மெட்ராஸிலிருந்து எப்சிபா மிஸ் வந்தாங்க. இனி சனிக்கிழமைதோறும் எங்க ஒன்பதாம் வகுப்புக்கு சாட்டிலைட் எப்படிச் செய்யறது, எப்படி ஏவறதுன்னு சொல்லித்தரப் போறாங்க. எங்க ஊர்ல ராக்கெட்டுன்னா ஒரே அர்த்தம்: ஏரிக்கு அக்கரையில விடுவாங்க, அன்னிக்கு கடல்ல மீன் பிடிக்கத் தடை, எங்க நைனா வீட்ல உக்காந்து என் மார்க்கை விசாரிப்பார். இப்ப நாங்களே செய்யணுமாம். ஜூஸ் டப்பா அளவுல. பலூன்ல ஏத்தி, மேலே கழட்டிவிட்டா பாராசூட்ல இறங்கும்.

"செயற்கைக்கோள்னா இன்னா, சந்தியா?"ன்னாங்க மிஸ். "ஆர்த்தி ஸ்டாஃப் ரூம்ல போய்ச் சொல்றது இயற்கைக் கோள் மிஸ். இது செயற்கை"ன்னேன். வகுப்பே சிரிச்சது. ஆர்த்தியும் சிரிச்சா. அதான் கடுப்பு.

ஜூலை 12, சனி

வேலை பிரிச்சாங்க. ஆர்த்திக்கு கேமரா. பிரவீனுக்கு பாராசூட். எனக்கு, விழுந்த இடத்தைக் காட்ட பீப் பீப்னு கத்துற பஸ்ஸர். "வாய் ஓயாதவளுக்கு ஏத்த வேலை"ன்னான் பிரவீன்.

எடைப் பொறுப்பும் எனக்குத்தான். மொத்தம் முன்னூறு கிராம் தாண்டக்கூடாது. தாண்டினா எதையாவது கழட்டணும். நிஜ சாட்டிலைட்டுக்கும் இதே சட்டமாம். எடை அதிகாரி சந்தியா! தடை அதிகாரின்னும் சொல்லலாம்.

ஜூலை 16

ஹெட்மாஸ்டர் டப்பாவைப் பாத்து, "இதான் ஆர்த்தி சாட்டிலைட்டா?"ன்னார். அப்ப நான் இன்னா, ஆரத்தித் தட்டா?

ஜூலை 19, சனி

இன்னிக்கு குலுக்கல் சோதனை. ராக்கெட் கிளம்பறப்ப உள்ள எல்லாம் ஆடும், அதைத் தாங்குதான்னு முன்னாடியே பாத்துடணும். மெஷினுக்கு எங்க போறது? டப்பாவை ஷேர் ஆட்டோவுல கட்டி திருப்பாலைவனம் வரைக்கும் போய் வந்தோம். அந்த ரோட்டுக்கு ராக்கெட்டே தேவலை. பிரவீனோட கயிறு அவிழ்ந்துச்சு. என் பஸ்ஸர்ல ஒயர் பிடுங்கிக்கிச்சு. ஆர்த்தி கேமரா மட்டும் அசையல. அடியில பஞ்சு வெச்சிருக்கா. எல்லாருக்கும் அவ மூளையைப் பத்தியே பேச்சு. மூளையாம்! எங்கம்மா பாத்திரம் தேய்க்கிற பஞ்சு அது.

ஜூலை 26, சனி

செஞ்சுட்டேன்.

எங்க வீட்ல நண்டு விக்கறப்ப, எடை மெஷின்ல வைக்கறதுக்கு முன்ன தண்ணியில ஒரு முக்கு. ஈர நண்டு கனமான நண்டு. வியாபாரிக்கும் தெரியும், நைனாவுக்கும் தெரியும். யாரும் பேசிக்க மாட்டாங்க. இன்னிக்கு யாரும் இல்லாதப்ப ஆர்த்தியோட பஞ்சைக் குழாயடியில ஒரு முக்கு. சொட்டாத அளவுக்குப் பிழிஞ்சு, திரும்ப வெச்சுட்டேன்.

பதினாலு கிராம் அதிகம். "ஏதாவது ஒண்ணைக் கழட்டணும் மிஸ்"னேன், ரொம்ப வருத்தமா.

ஆர்த்தி கேமராவைப் பஞ்சோட எடுத்து வெளியே வெச்சா. விரலைச் சுடிதார்ல துடைச்சுக்கிட்டா. "பஸ்ஸர் இருக்கட்டும் மிஸ். டப்பாவே கிடைக்கலன்னா படம் எப்படிக் கிடைக்கும்?"

எல்லாரும் கை தட்டினாங்க. பிரவீன் விசிலே அடிச்சான். மிஸ் கண்ணு கலங்கிப்போச்சு.

கேமரா இருந்தாலும் கைதட்டல், இல்லாட்டியும் கைதட்டலா? இன்னா கணக்கு இது?

ஜூலை 28

பிரேயர்ல ஹெட்மாஸ்டர் 'தியாகம்'னு பேசினார். ரொம்ப நேரம். வீட்டுக்கு வந்தா அம்மா: "அந்தப் பொண்ணப் பாத்துக் கத்துக்கோடி."

ஜூலை 31

உண்மையைச் சொன்னா அவ தியாகம் செல்லாது. ஆனா நான் மாட்டுவேன். சொல்லாட்டி அவ சாமி ஆயிடுவா. எது மோசம்?

ஆகஸ்ட் 2, சனி

சொல்லிட்டேன். திருந்தி இல்ல — தாங்க முடியாம.

"மிஸ், அது தியாகமே இல்ல. பஞ்சு ஈரம். நான்தான் முக்கினேன். கேமரா, பஸ்ஸர் ரெண்டையுமே ஏத்தலாம்."

யாரும் தட்டல. மிஸ், "எடை மெஷினை ஆர்த்திகிட்ட குடு"ன்னாங்க. குடுத்தேன். காஞ்ச பஞ்சோட எல்லாத்தையும் வெச்சா. முன்னூறைத் தாண்டல.

பலூன் ஏறிச்சு. கவுண்ட்டவுன் எல்லாரும் கத்தினாங்க. டப்பா கழண்டு, பாராசூட் விரிஞ்சு, காத்து அதை வேலிக்காத்தான் புதருக்குள்ள தள்ளிடுச்சு. பீப் பீப். முள்ளுக்குள்ள நான்தான் போனேன். கையெல்லாம் கீறல். எடுத்து வந்து குடுத்ததும் எல்லாரும் லேப்டாப்பைச் சுத்தி நின்னுட்டாங்க. பின்னாலேருந்து எட்டிப் பாத்தேன். ஏரி முழுசாத் தெரியுது. படகுங்க அரிசி மாதிரி. ஆர்த்தி எடுத்த படம். நல்லாத்தான் இருக்கு, சனியன்.

ஆகஸ்ட் 4

இன்டர்வெல்ல ஆர்த்தி என் பக்கத்துல வந்து உக்காந்தா. நெல்லிக்கா கடிச்சுக்கிட்டே, "எங்க வீட்லயும் நண்டுதான் விக்கறோம்"னா.

"அதுக்கு இன்னா?"

"பஞ்சைத் தொட்டதுமே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன்டி சொல்லல?"

"பஸ்ஸர் இருக்கட்டும்னுட்டு, அடுத்து அதைச் சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள கை தட்டிட்டாங்க. நல்லா இருந்துச்சுடி."

அடிப்பாவி. தெரிஞ்சேதான் கைதட்டல் வாங்கியிருக்கா. இது எனக்குத் தோணலையே!

எழுந்தேன். மிஸ் நம்பர் ஸ்டாஃப் ரூம்ல இருக்கு, இப்பவே போன் போட்டுச் சொல்லிடலாம்னு. அவ மீதி நெல்லிக்காவை நீட்டினா, உப்பு தொட்டு.

உக்காந்து தின்னேன்.