முப்பத்து நான்கு மீட்டருக்கு நான் போட்ட டிக்

ஸ்ரீ ஜினாய நம

திருவண்ணாமலை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நிவேதாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம். அந்தமானில் நீ தனியாக எப்படி இருக்கிறாய், பொழுது சாயும் முன் சாப்பிட்டுவிடுகிறாயா என்று கேட்கக்கூட வழியில்லை, போன் செய்தால் அம்மாகிட்ட குடுங்கப்பா என்கிறாய், அதனால்தான் இந்தக் கடிதம். அம்மாவுக்குச் சர்க்கரை கம்மியாகியிருக்கிறது, மருந்தால் இல்லை, சோறு இறங்காததால். மாப்பிள்ளை மகாவீரின் காரியத்துக்கு வந்த உன் சித்தப்பா இலையில் உட்கார்ந்துகொண்டே, நம்ம ஜைன ஆளுங்களுக்குக் கடல்ல இன்னா வேலைன்னு கேட்டான். இனி இந்த வாசலை மிதிக்காதே என்று சொல்லிவிட்டேன். ஆனால் மூன்று வருடமாக அதே கேள்வியைக் கேட்டவன் நான்தான்.

மகாவீரை நானே பார்த்து உனக்குக் கட்டிவைத்தேன், பேங்க் மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் சொன்னேன். ஒரே வருடத்தில் வேலையை விட்டுக் கடலுக்கடியில் போகிறேன் என்றபோது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீன் பிடிக்கிறவர்களோடு சேர்ந்துவிட்டாயா என்றேன். புடிக்க இல்ல மாமா, மாட்டிக்கினு இருக்கறத அவுத்து விடத்தான் என்று சிரித்தான். பாறையில் சிக்கிய பழைய வலைகளை அறுத்தெடுக்கிற வேலை என்பதைக்கூட நான் காதில் வாங்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை, செத்துப்போனவன் மேல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. போன மாசியில் அவன் உன் அம்மாவின் போனுக்கு ஒரு தாளைப் படமெடுத்து அனுப்பினான், மாமா பிசிக்ஸ் வாத்தியார், ஒரு தடவை பார்க்கட்டும் என்று. என்னோடு பேச அவன் தேடிய வழி அது. ஆக்சிஜனை முப்பத்தாறு சதவீதமாக ஏற்றிய காற்று, முப்பத்து நான்கு மீட்டர் ஆழம், அங்கே அழுத்தம் 4.4 மடங்கு, அந்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு 1.58. அவன் வைத்திருந்த எல்லை 1.6, அதில் நாற்பத்தைந்து நிமிடம் இருக்கலாம், அவன் இருக்கப்போவது முப்பது. கணக்கு சரி. அம்மா அச்செடுத்து வந்த தாளில் சிவப்புப் பேனாவால் டிக் போட்டுத் திருப்பி அனுப்பச் சொன்னேன். அடியில், வலை அறுக்கறப்ப மூச்சு வாங்கும் மாமா, நீரோட்டம் வேற ஜாஸ்தி, அப்பவும் இந்த எல்லை போதுமா என்று கேட்டிருந்தான். படித்தேன். பேங்கை விடும்போது கேட்காதவன் இதை மட்டும் ஏன் கேட்கிறான் என்று பதில் எழுதவில்லை. காரியம் முடிந்த பிறகு தேடினேன், பத்து நிமிடத்தில் கிடைத்தது. 1.6 என்பது அசையாமல் ஓய்வாக நிற்கும் நேரத்துக்கு மட்டும். வேலை செய்கிறவனுக்கு 1.4, கடும் வேலைக்கு அதற்கும் கம்மி. மூச்சு வாங்க வாங்கக் கரியமில வாயு உடம்பில் தேங்கி, ஆக்சிஜனே விஷமாகி, சொல்லாமல் கொள்ளாமல் வலிப்பு வரும், வாயிலிருக்கும் குழாய் நழுவிவிடும், அவனுக்கு அங்கே நடந்ததும் அதுதான். முப்பது சதவீதம் போட்டிருந்தால் 1.32, நைட்ரஜன் கூடுவதால் கீழே இருக்கும் நேரம் கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான் நிவேதா.

இதைச் சொல்லத்தான் நேற்று கீழ்பென்னாத்தூருக்கு உன் மாமியாரிடம் போனேன். தண்ணீர் கொடுத்துவிட்டு அவரே ஆரம்பித்தார், மாமா டிக் போட்டுட்டாரும்மா, கோவம் போயிடுச்சின்னு அன்னிக்கு அவ்ளோ சந்தோசமா பேசினான் சம்பந்தி என் புள்ள என்று. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பௌர்ணமிக் கூட்டத்துக்குப் பஸ்ஸை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள், வீடு வரை நடந்தேன்.

அடுத்த மாதம் மிச்ச வலையை எடுக்க நீயே இறங்கப்போவதாக அம்மா சொன்னாள். தடுக்க எனக்கு யோக்கியதை இல்லை. 1.3-க்கு மேல் எல்லை வைக்காதே. நேரம் போதவில்லை என்று கூட வருகிறவர்கள் சொல்வார்கள், இன்னொரு நாளும் இறங்கிக்கொள்ளலாம். மூச்சு வாங்கினால் வலையை விட்டுவிட்டு மேலே வா, அந்த மீன்களும் உயிர்தான், நீயும் உயிர்தான். உன் மாமியாரிடம் நான் சொல்வதா வேண்டாமா என்பதை நீ சொல்கிறபடி செய்கிறேன். மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை.

அருகன் உனக்கு நீண்ட ஆயுள் தரட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, இறங்கும் முன் உன் கணக்கை ஒருவரிடம் காட்டு. என்னிடம் வேண்டாம். உன் மேலும் மகாவீர் மேலும் கோபம் இல்லாத யாராவது ஒருவரிடம் காட்டு.

உன் அப்பா,
ஜினராஜ்