கள்ளிச்செடிக்கு எதற்கு இருட்டு?

1986 நவம்பர் 11, செவ்வாய். மாத்தளை.

கிறிஸ்மஸ் கள்ளி மொட்டு விட நீண்ட இருட்டு வேண்டும். அதனால் தினமும் பொழுது சாய்ந்ததும் தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடிவைப்பேன். இன்று வீட்டைச் சோதிக்க வந்த பொலிஸ்காரர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். ஒருவர் துணியை இழுத்தெறிந்து தொட்டியைக் கவிழ்த்தார். அரும்பியிருந்த மொட்டுகள் உதிர்ந்துபோயின.

"செடிக்கு எதற்கு இருட்டு? எதை ஒளித்துவைத்தாய்?" என்று சிங்களத்தில் அதட்டி, என் கையைப் பிடித்து இழுத்தார்.

என் கணவர் குறுக்கே வந்தார். "இவளுக்கு மூளை கொஞ்சம் சரியில்லை, சேர்" என்று அவரும் சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். அவர்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"அப்படிச் சொன்னதாலதான் உன்னைய விட்டுட்டுப் போனாங்க" என்கிறார் இப்போது. உண்மைதான். ஆனால் பிள்ளைகளும் பக்கத்தில் நின்றார்கள். சின்ன மகளும் அந்தப் பொலிஸ்காரர்களோடு சேர்ந்து சிரித்தாள்.