சனிக்கிழமைக்குள் அந்துப்பூச்சி

திங்கட்கிழமை

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

பேசினால் உனக்கு இருமல் வருகிறதென்று டாக்டர் போனைத் தடுத்துவிட்டதால், கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக உனக்குக் கடிதம் எழுதுகிறேன். இதில் ஒரு சௌகரியம், பாதியில் நீ குறுக்கே பேச முடியாது.

வீட்டில் அந்துப்பூச்சி வந்திருக்கிறது. சிரிக்காதே, சிரித்தாலும் இருமல் வரும். தானியக் கிடங்கின் தர ஆய்வாளன் நான். மூட்டையில் ஓரிடத்தில் நூலாம்படை தெரிந்தாலும் லாரியையே திருப்பி அனுப்புகிறவன். அப்படிப்பட்டவன் தலைக்கு மேலே, காலையில் பல் தேய்க்கும்போது நாலு பூச்சிகள் நிதானமாகச் சுற்றுகின்றன. ஆளைத் தெரிந்துதான் வந்திருக்கின்றன போலும்.

சனிக்கிழமை பெரிய டாக்டர் பார்த்துவிட்டு உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்கிறாள் உன் தங்கை. அவர் போட்ட நிபந்தனைகளையும் எழுதிக் கொடுத்தாள். பூச்சிமருந்து அடிக்கக் கூடாது. பாச்சை உருண்டை கூடாது. பகல் முழுக்க ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். பூச்சியின் இறக்கைத் தூள்கூட உன் நுரையீரலுக்கு ஆகாதாம். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் கதவை அடைத்துப் புகை போடுவது. அதுவும் கூடாது என்றால் நான் வெறும் ஆள்தான்.

மாவு, பருப்பு, ரவை என்று ஒரு டப்பா விடாமல் கவிழ்த்துச் சலித்துப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். பிறகு கிடங்கிலிருந்து ஐந்து இனக்கவர்ச்சிப் பொறிகள் கொண்டுவந்தேன். பெண்பூச்சியின் வாசனை ஏற்றிய பசை அட்டைகள். ஆண்பூச்சி தேடி வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு பெரிய கிடங்குக்கு வேண்டிய ஐந்தையும் நம் ஹாலில் வரிசையாக மாட்டிவிட்டு, டாக்டர் சொன்னபடி ஜன்னல்களையும் திறந்து வைத்தேன். வட்டாரத்தில் உள்ள ஆண்பூச்சிகள் அத்தனையும் பெண் கேட்டு வந்துவிட்டன. எதிர்வீட்டு வக்கீல் எட்டிப் பார்த்து, ‘என்ன சார், வீட்ல விசேஷமா, இவ்ளோ கூட்டம்?’ என்று விசாரித்தார்.

நீ கவலைப்படாதே. நேரத்துக்குச் சாப்பிடு. சனிக்கிழமைக்குள் வீட்டை ஒழுங்குபண்ணிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

வியாழக்கிழமை

அன்புள்ளவளுக்கு,

தபாலை நம்பாமல் இதை உன் தங்கையிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை உன் பக்கத்திலிருந்து நகரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

பொறிகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனதும் வந்த கூட்டம் கலைந்தது. ஆனாலும் உள்ளூர்ப் பூச்சிகள் குறையவில்லை. அறை அறையாக எண்ணினேன். சமையலறையில் இரண்டு, ஹாலில் மூன்று, நம் படுக்கையறையில் பதினொன்று. அந்துப்பூச்சிக்குப் படுக்கையறையில் என்ன வேலை என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு புழு சுவரில் ஏறிப் போனது. முதிர்ந்த புழு தானியத்தை விட்டுச் சுவரேறும். அது வந்த வழியே திரும்பிப் போனால் மூட்டை கிடைக்கும். இதைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடமாக நடத்தியிருக்கிறேன்.

போனேன். உன் தலைமாட்டுப் பலகைக்கும் சுவருக்கும் நடுவில், என் பழைய காக்கிச் சட்டைத் துணியில் நீ தைத்து, கோதுமை நிரப்பிய ஒத்தடப் பை ஒன்று கிடைத்தது. உள்ளே நூலாம்படை, கூடு, புழு எல்லாம் இருந்தன. வெளியே எடுத்துப் போய்க் கொதிநீரில் போட்டுவிட்டேன். வீடு சுத்தமாகிவிட்டது.

ஆனால் ஆய்வை அதோடு முடிக்க முடியவில்லை. ஒத்தடத்துக்காகத் தினமும் வாணலியில் சூடாகிற கோதுமையில் முட்டைகூடப் பிழைக்காது. இவை எல்லாம் நீ ஆஸ்பத்திரிக்குப் போன இந்த ஏழு வாரத்தில் பிறந்தவை. அப்படியானால் நீ போகிற நாள் வரைக்கும் அந்தப் பை ஆறவே இல்லை. கோதுமையில் பாதி கருகிப்போனது, பாதி புதிது, பலமுறை மாற்றியிருக்கிறாய். அந்தச் சட்டையை நான் கழித்துப் போட்டு மூன்று வருஷமாகிறது.

நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பது என் குறட்டைக்காக என்று நினைத்திருந்தேன்.

உன் தங்கையைக் கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு, ‘வலி இடது விலாவுக்குக் கீழதான் அத்தான். உங்ககிட்ட சொன்னா குடோனுக்கு சீல் வைக்கிற மாதிரி வீட்டுக்கு சீல் வச்சிட்டு ஊர் ஊரா இழுத்துட்டுப் போவீங்கன்னு பயந்தா’ என்றாள். நான் அப்படித்தான் செய்திருப்பேன். அதற்கு நான் வருத்தப்படப் போவதில்லை. டாக்டரிடமும் இருமல் மட்டும்தான், வலி கிடையாது என்றே சொல்லியிருக்கிறாயாமே. அவர் இருமலுக்குத்தானே வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பார்?

நேற்றுவரை நீ சனிக்கிழமை வந்துவிட வேண்டுமே என்று தவித்தேன். இன்று நீ வந்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. காலையில் இரண்டு தடவை டீ போட்டு இரண்டையும் குடிக்க மறந்தேன்.

பெரிய டாக்டர் வலி இருக்கிறதா என்று கேட்பார். ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லிவிட்டு மூட்டையைக் கட்டாதே. எங்கே என்று சொல். மூன்று வருஷம் என்று சொல். இன்னும் ஒரு மாதம் இருக்கச் சொன்னாலும் இரு. நான் லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்காருகிறேன். உன்னால் சொல்ல முடியாவிட்டால் இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிடு. அவரும் படிக்கட்டும் என்றுதான் எழுத்துகளைப் பிரித்துப் பிரித்து எழுதியிருக்கிறேன்.

உன்,
வீட்டுக்காரன்