மேடைக்குப் போன வாசல்நிலை

என் மச்சானுக்கு,

நீங்கள் இருந்த காலத்தில் உங்களுக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. சின்னமனூரில் ஒரே கூரைக்குக் கீழே கிடந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? இப்போது உங்கள் நாடகத் தோழர் தங்கமுத்துத் தம்பி, அவர்கள் நடத்தும் பத்திரிகைக்கு உங்களைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார். உங்களைப் பற்றி ஊருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. உங்களிடம் சொல்லத்தான் இருக்கிறது. ஊர் வேண்டுமானால் கூட நின்று கேட்டுக்கொள்ளட்டும். நான் அஞ்சாவதோடு நின்றவள். எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள், வேறெதையும் திருத்தாதீர்கள் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போனேன். ஒரு காலேஜில் உங்கள் நாடகத்தைப் போட்டார்கள். முன்வரிசையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆனால் நான் நாடகம் பார்க்கப் போகவில்லை மச்சான். நம் வீட்டு வாசல்நிலையைத் திருப்பிக் கேட்கப் போனேன்.

ஞாபகம் இருக்கிறதா அந்த நிலை? நாம் வீடு கட்டத் தொடங்கியபோது என் அப்பா கடமலைக்குண்டு ஆசாரியிடம் சொல்லி வேங்கை மரத்தில் செய்துகொண்டு வந்தது. மேல்கட்டையில் ரெண்டு கிளி. சுவர் எழும்பி, வாசலுக்கு இடம் விட்டு நின்றது. நிலை வைக்க நாளும் குறித்தாயிற்று. அதுவரை நிமிர்த்தக் கூடாது என்று படுக்கப்போட்டுச் சாக்கு மூடி வைத்திருந்தோம்.

அந்த நேரம் பார்த்துத்தான் உங்களுக்கு நாடகம் பிடித்தது. கடையில் கருகிப்போன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டு ஒழுங்காக இருந்த மனுஷன், மதுரையில் யாரோ நடத்திய நாடகப் பட்டறைக்குப் போய்விட்டு வந்து வேறு ஆளாகிவிட்டீர்கள். இது அபத்த நாடகம் என்றீர்கள். எனக்கு அந்த வார்த்தையே விளங்கவில்லை.

"கதையும் கிடையாது புள்ள, முடிவும் கிடையாது. மனுசன் பொழப்பு மாதிரி" என்றீர்கள்.

"பொழப்பத்தான் தெனம் பாக்குறமே. அத எதுக்கு மேடையில வேற பாக்கணும்?" என்று கேட்டேன். சிரித்தீர்கள்.

பிறகு அந்த நிலையைக் கேட்டீர்கள். ஒருவன் வாசல்நிலையை முதுகில் தூக்கிக்கொண்டு வருவான். பொட்டலில் நிறுத்துவான். சுற்றிலும் வீடு இருக்காது. வருகிறவர்கள் எல்லாம் அதைத் தட்டி, "உள்ள யாரு?" என்று கேட்பார்கள். பதில் வராது. உள்ளே எது, வெளியே எது என்று சண்டை போடுவார்கள். கடைசியில் அவன் மறுபடி தூக்கிக்கொண்டு போய்விடுவான். அவ்வளவுதான் நாடகம்.

"அட்டையில செஞ்சுக்கிட வேண்டியதுதான?"

"அட்டையத் தூக்குனா பாரம் தெரியாது. பாக்குறவுகளுக்குப் பாரம் தெரியணும். ஒரே ஒரு நாள் குடு. அலுங்காமக் கொண்டாந்துருவேன்."

கொண்டுபோனீர்கள்.

திருவிழா முடிந்த மறுநாள், கோயிலுக்குப் பக்கத்துப் பொட்டலில் அந்த முதல் ஆட்டம். நீங்கள் வியர்க்க விறுவிறுக்க நிலையைச் சுமந்து வந்து நிறுத்தினதும் கூட்டம் உங்களை உரித்து எடுத்துவிட்டது.

"ஏலே, வீட்ட எங்கடா வச்சுட்டு வந்த?"

"பொண்டாட்டி உள்ள விடலையாம்ப்பா! அதான் வாசலப் பேத்துக்கிட்டு வந்துட்டான்!"

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். என் பக்கத்தில் இருந்த அத்தை, அதுதான் உங்களைப் பெற்ற மகராசி, சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. நிலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நிமிந்த நிலைய மொட்டையாவா நிக்க விடுவாக? குடும்பம் என்னத்துக்கு ஆகும்?" என்று எழுந்தாள். கோயிலில் வாங்கிய மஞ்சளும் குங்குமமும் மடியில் இருந்தது. நாடகம் நடக்க நடக்க நடுவில் போய், நிலைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். நீங்கள் திகைத்துப்போய் நின்றீர்கள். தங்கமுத்துத் தம்பி மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் தட்டிக்கொண்டே இருந்தார். அத்தை திரும்பிப் பொம்பளைகளைப் பார்த்து, "என்னத்த வேடிக்க பாக்குறீக? குலவை போடுங்கடி!" என்றாள்.

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். குலவை போட்டு, வலது காலை எடுத்துவைத்து, ஒவ்வொருத்தியாக அந்த நிலைக்குள் நுழைந்தார்கள். நானும் நுழைந்தேன் மச்சான். அந்தப் பக்கமும் அதே பொட்டல்தான் இருந்தது. கேலி பேசிய வாய் ஒன்றுகூட அசையவில்லை. நீங்கள் அழுதுகொண்டு நின்றீர்கள்.

"இதுதான்டி நாடகம்! நான் நெனச்சதவிடப் பெருசா வந்துருச்சு!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். வந்தது நாடகம். போனது என் வாசல் என்று அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது.

நிலையை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கொத்தனார் கருப்பையா கையை விரித்துவிட்டார். "மஞ்சப் பூசிக் குலவை போட்டு ஆள் நொழஞ்ச நிலை தாயி. அது அங்கனயே நின்னுருச்சு. இனி இங்கன வச்சா வெளங்காது." சரி, புதிதாக ஒன்று செய்யலாம் என்றால் அத்தை விடவில்லை. "ஒரு குடும்பத்துக்கு ரெண்டு நிலையா? ரெண்டாவது ஒருத்தி வந்து குடியேறவா?" என்று கத்தினாள். அதையும் வைக்கக் கூடாது, வேறொன்றும் வைக்கக் கூடாது. நீங்கள் வயிறு வலிக்கச் சிரித்தீர்கள். "இத நான் எழுதியிருந்தா எவனும் நம்பமாட்டான் புள்ள" என்றீர்கள்.

எனக்கு இன்றுவரை சிரிப்பு வரவில்லை.

வாசலுக்குத் தகரத்தைக் கட்டிக்கொண்டோம். நீங்கள் நிலையைத் தூக்கிக்கொண்டு ஆண்டிபட்டிக்குப் போனீர்கள், மதுரைக்குப் போனீர்கள், குமுளியைத் தாண்டியும் போனீர்கள். போன இடமெல்லாம் கை தட்டினார்களாம். ஆடிக்காற்றில் இந்தத் தகரம் தட்டின தட்டு உங்களுக்குக் கேட்டதா? கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் ஒருத்தியாக உட்கார்ந்திருந்தது தெரியுமா? பிள்ளை தங்காமல் போனபோது சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசினார்கள். "நிலை நிக்காத வீட்டுல என்னத்தத் தங்கும்?" அன்றைக்கும் நீங்கள் ஊரில் இல்லை. எங்கோ ஒரு பொட்டலில் "உள்ள யாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். உள்ளே நான்தான் இருந்தேன் மச்சான்.

அத்தை போனாள். அடுத்த வருஷமே கடையில் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தீர்கள், எழுந்திருக்கவில்லை. உங்களைத் தூக்கிக்கொண்டு போவதற்குத் தகரத்தை அவிழ்த்து ஓரமாகச் சாய்த்தார்கள். ஊர் ஊராக வாசலைச் சுமந்தவருக்குத் தன் வாசல் வழியாகப் போகக் கொடுத்துவைக்கவில்லை.

நீங்கள் போன பிறகு நிலை தங்கமுத்துத் தம்பியிடமே தங்கிவிட்டது. நீங்கள் போனாலும் உங்கள் கிறுக்கு போகவில்லை. எங்கே பார்த்தாலும் அதுதான். கடமலைக்குண்டு பஸ் ஸ்டாண்டில் சுகாதாரக்காரர்கள் தெருநாடகம் போட்டார்கள். அதில் ஒருத்தன் ஆளே இல்லாத இடத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னான். போடியில் சர்ச் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் நாடகத்தில் வெறும் சட்டத்தை நிறுத்திவைத்து, அதைத் தட்டிச் சத்திரத்தில் இடம் கேட்டார்கள். அரசாங்கம் கொடுத்த இலவச டிவியைப் போட்டால் அதிலும் கதையில்லாத காமெடி. ஒருவருக்கும் உங்கள் பெயர் தெரியாது. நீங்கள் யாரிடமிருந்து எடுத்தீர்களோ, அவர்கள் பெயரும் தெரியாது. ஆனாலும் செய்கிறார்கள்.

மதுரையில் தங்கமுத்துத் தம்பி மைக்கில் அதைத்தான் சொன்னார். வெளிநாட்டில் பெரிய சண்டை நடந்து, ஊரெல்லாம் இடிந்து, வீடு வாசலைப் பறிகொடுத்த பிறகு வந்த நாடகமாம் இது. சொல்லுக்கு அர்த்தம் இருக்கிறது, பொழப்புக்கு முடிவு இருக்கிறது என்பதெல்லாம் பொய்யாகிப்போன மனுஷர்கள் எழுதியதாம். இப்போது அதன் பெயரைச் சொல்லாமலே எல்லா நாடகக்காரர்களும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக்கொள்கிறார்களாம். நன்றாகத்தான் பேசினார். எனக்கு ஒன்றுதான் தோன்றியது. அவர்கள் வீட்டைப் பறிகொடுத்துவிட்டு நாடகம் எழுதினார்கள். நீங்கள் நாடகத்துக்காக வீட்டைக் கொடுத்தீர்கள். இதில் எது பெரிய அபத்தம்?

நாடகம் தொடங்கியது. பிள்ளைகள் குறையில்லாமல் நடித்தார்கள். ஏசி அரங்கத்தில் ஒரு சத்தம் இல்லை. நம் ஊரில் கேலி பண்ணின இடத்திலெல்லாம் இவர்கள் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒரு பெண் கிழவி வேஷத்தில் வந்து நிலைக்கு மஞ்சள் பூசினாள். ஆமாம், அத்தை செய்தது இப்போது நாடகத்திலேயே ஒரு காட்சி. குலவையை ஸ்பீக்கரில் போட்டார்கள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நம் ஊர் வாயடைத்து நின்ற அந்த ஒரே இடத்தில் இவர்கள் சிரித்தார்கள் மச்சான். நீங்கள் இருந்திருந்தால் இதுவும் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லியிருப்பீர்கள். சொல்லியிருப்பீர்களா?

முடிந்ததும் தம்பியிடம் கேட்டுவிட்டேன்.

"மதினி, இதை இங்கனயே நிரந்தரமா வைக்கலாம்னு இருக்கோம். இனி இது ஒரு வீட்டுச் சொத்தா? நாடகக்காரக எல்லாருக்கும் பொதுவாயிருச்சே."

"பொதுவுக்கு வீடு இருக்கா தம்பி? எனக்கு வீடு இருக்கு. வாசல்தான் இல்ல."

அவர் தானே போய் வேன் பேசினார். பிள்ளைகள் இனிமேல் அட்டையில் செய்துகொள்வார்களாம். "அட்டையில பாரம் தெரியாதே கண்ணுகளா?" என்றேன். "நடிச்சுக்கிடுவோம் அம்மா" என்றார்கள்.

வேனில் ஏற்றும்போதுதான் பார்த்தேன். கீழ்ப்படிக் கட்டை இல்லை. நடிக்கிறவர்கள் தடுக்கி விழாமல் இருக்க அறுத்து எடுத்துவிட்டார்களாம். இரண்டு காலையும் ஒரு சாண் அறுத்து, ஆட்டம் முடிந்ததும் தள்ளிக்கொண்டு போகச் சக்கரம் வைத்திருக்கிறார்கள். எந்தப் படியைத் தாண்டி நான் வீட்டுக்குள் வரவேண்டும் என்று என் அப்பா செய்து கொடுத்தாரோ, அந்தப் படி. உங்கள் மேல் அன்றைக்கு வந்த ஆத்திரம் நீங்கள் செத்த அன்றுகூட வரவில்லை.

மறுநாள் கருப்பையா வந்தார். வயதாகிவிட்டது. மேலும் கீழும் அளந்தார். மறுபடி அளந்தார்.

"யாரு இத அறுத்தது?"

"படிச்ச பிள்ளைக."

"நல்ல காரியம் பண்ணியிருக்காக தாயி. அன்னைக்கு மஞ்சப் பூசுனது வேற அளவு நிலை. அளவு மாறுனா நிலையே வேற. இது இன்னும் எங்கனயும் நிக்காத நிலை. தாராளமா வைக்கலாம்."

"இத்தன வருசமா அறுத்தாச் சரியாப்போகும்னு சொல்லலியேய்யா!"

"புது நிலைய அறுத்தா வைக்கலாமான்னு நீங்க கேக்கவே இல்லையே."

இதை நீங்கள் எழுதியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

மேலே செங்கல் வைத்து உயரத்தை அடைத்துவிடலாம் என்றார். "ஆனா குனிஞ்சுதான் போகணும் தாயி."

"இவ்வளவு நாளும் நிமிந்தா போனேன்? வைங்க."

மஞ்சள் யார் பூசுவது என்று பக்கத்து வீட்டில் தயங்கினார்கள். தாலி இறக்கியவள் பூசக் கூடாதாம். என் பிள்ளையைத் தின்றது, புருஷனைத் தின்றது என்று ஊரே பழி சொன்ன நிலை அது. இனிமேல் தின்ன என்ன இருக்கிறது? நானே பூசுவேன். குலவை வேண்டாம். போட்ட குலவை போதும்.

ஆடி பிறப்பதற்குள் நிலை நின்றுவிடும் மச்சான். கதவும் போட்டுவிடுவேன். இது சத்தியம்: உங்கள் நாடகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ ஊரில் தட்டினார்கள், ஒருவருக்கும் பதில் வரவில்லை. இந்த வாசலில் நீங்கள் வந்து தட்டினால் "யாரு?" என்று நான் கேட்பேன். உள்ளேதான் இருப்பேன். ஆனால் உடனே திறக்க மாட்டேன். கொஞ்ச நேரம் வெளியே நில்லுங்கள்.

பிறகு தலை இடிக்காமல் குனிந்து வாருங்கள்.

உங்களுக்கு வாக்கப்பட்ட மாமன் மகள்,
பேச்சியம்மாள்
சின்னமனூர்